மதுரை வீட்டுத் தோட்டத்தில் கொய்யா: மாசி முதல் தை வரை செய்ய வேண்டியவை

மதுரையில் வீட்டுக்கு முன்னால் பத்தடி இடம் இருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு கொய்யா நிற்கும். இரண்டு, மூன்று வருடம் நன்றாகக் காய்க்கும். பிறகு மரம் மாடியைத் தாண்டும். உச்சியில் நாலு பழம், அதையும் கிளியும் அணிலும் பார்த்துக்கொள்ளும். கீழே விழுவதைப் பிளந்தால் உள்ளே புழு நெளியும். மரம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அநேகமாக மரத்தில் ஒரு குறையும் இருக்காது. அதை வெட்டாமல் விட்டதுதான் குறை.

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். போன வருடம் காய்த்த குச்சியில் அதே இடத்தில் மறுபடி பூ வராது. அந்தக் குச்சியிலிருந்து புதிதாகக் கிளம்பும் துளிரின் இலைக்கக்கத்தில்தான் மொட்டு வரும். வெட்டினால் துளிர், துளிர் வந்தால் பூ. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா வேலையும் எப்போது, எதற்காக என்று தானாகப் புரியும்.

கன்று வாங்கும்போது வேரைப் பாருங்கள்

விதைக் கன்று வேண்டாம். காய்ப்புக்கு வர நாலைந்து வருடம் ஆகும், பழமும் தாய்மரம் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. பதியன் கன்று, அதாவது தாய்மரக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்று, இரண்டாம், மூன்றாம் வருடமே காய்க்கும். வெள்ளைச் சதைக்கு லக்னோ 49 நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிறது. அலகாபாத் சஃபேதா வழவழப்பான தோலும் நல்ல மணமும் உள்ளது. சிவப்புச் சதை வேண்டுமென்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண், அல்லது லக்னோவிலிருந்து வந்த லலித். மண்ணில் உவர் ஏறிய இடமாக இருந்தால், களர் மண்ணுக்கென்றே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் திருச்சியில் உருவாக்கிய டிஆர்ஒய் (ஜி) 1 ரகத்தைத் தேடுங்கள்.

ரகத்தைவிட முக்கியமானது வேர். பழனி பக்கம் ஆயக்குடியில் தலைமுறை தலைமுறையாகக் கொய்யா போட்ட தோட்டங்களையே வேர்முடிச்சு நூற்புழு பதம் பார்த்துவிட்டது. இந்தப் புழு நம் தோட்டத்துக்குள் நுழையும் முதல் வழி கன்றுப் பையில் இருக்கும் மண். வாங்கும் இடத்திலேயே ஒரு பையை உருவிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேர் நூல் மாதிரி ஒரே சீராக ஓடும், நுனி வெள்ளையாக இருக்கும். புழு பிடித்த வேரில் பாசிமணி கோத்தது போல முண்டு முண்டாகத் தெரியும். நகத்தால் கீறினாலும் அந்த முண்டு உதிராது, ஏனென்றால் அது வேரே வீங்கியது. முண்டு தெரிந்தால் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அந்தக் குவியலிலிருந்து ஒன்றுகூட எடுக்காதீர்கள். வந்த பிறகு இதை அடியோடு ஒழிக்க வழி கிடையாது.

குழி, மண், கட்டடக் கழிவு

நடுவதற்கு ஆடி, ஆவணி தோது. வடகிழக்கு மழை தொடங்குவதற்குள் வேர் பிடித்திருக்கும். சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளி, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ கலந்து நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு மண்ணை இறங்கவிட்டு அப்புறம் நடுங்கள். பதியன் கன்றைப் பையில் இருந்த அதே மட்டத்தில் வைத்து, ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

புது வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அஸ்திவாரம் தோண்டிய மண்ணும், கொட்டிய சிமெண்டும், உடைந்த செங்கலும்தான் முற்றத்தின் மேல்மண்ணாக இருக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்போது மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக, மீதி இலை வெளுத்து நிற்கும் கொய்யாக்கள் பல இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கின்றன. சுக்கான் மண் உள்ள பகுதிகளிலும் இதே கதைதான். நடுமுன் குழியைச் சுற்றி மூன்றடிக்குக் கழிவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வண்டிச் செம்மண் போட்டுக்கொள்வது ஒரு நாள் வேலை. செய்யாவிட்டால் வருடா வருடம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசலில் இன்னொரு விஷயம்: தண்ணீர் தேங்கும். குழிக்குள் நடாமல், ஓரடி உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். கொய்யா வறட்சியைத் தாங்கும், ஆனால் வேரில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது.

முதல் இரண்டு வருடம்: உருவம் கொடுப்பது

கன்று வேர் பிடித்துத் துளிர்க்க ஆரம்பித்ததும் நடுத்தண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வெட்டுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். வெட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களில் வெவ்வேறு திசை பார்க்கும் மூன்று அல்லது நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒரே கணுவிலிருந்து எதிரெதிராகப் போகும் இரண்டை வைத்துக்கொண்டால், காய்ப் பாரத்தில் அந்த இடம் பிளக்கும். கொஞ்சம் மேலும் கீழுமாக இருப்பதாகப் பாருங்கள். இவை ஒன்றரை அடி வளர்ந்ததும் பாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாகக் கிளைக்கும். இப்படி மூன்று முறை செய்தால் குடை மாதிரி தாழ்ந்த மரம் கிடைக்கும். முதல் வருடம் வரும் பூவை முழுக்கக் கிள்ளிப் போடுங்கள்.

வேரடியிலிருந்தும் தண்டிலிருந்தும் செங்குத்தாக ஈட்டி மாதிரி கிளம்பும் போத்துகளைக் கண்டவுடன் நீக்க வேண்டும். அவை காய்க்காது, சத்தை மட்டும் இழுக்கும். தண்டின் பட்டை காகிதம் மாதிரி உரிவதைப் பார்த்துப் பலர் நோய் என்று பயந்து மருந்து பூசுகிறார்கள். கொய்யாவின் இயல்பே அதுதான், ஒன்றும் செய்ய வேண்டாம்.

மாசி: கிழக்குப் பாதி

மூன்றாம் வருடத்திலிருந்து கவாத்து, அதாவது கிளை வெட்டுவது. பண்ணைகளில் பிப்ரவரி–மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் வெட்டுவார்கள். வீட்டில் ஒரே மரம்தான் என்பதால் அதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கிழக்குப் பாதிக் கிளைகளை மாசியில், மேற்குப் பாதியைப் புரட்டாசியில். வெட்டியதிலிருந்து பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம், பூவிலிருந்து பழத்துக்கு நாலு முதல் ஐந்து மாதம். அதாவது மாசியில் வெட்டிய பக்கம் ஆவணி, புரட்டாசியில் பழுக்கும். புரட்டாசியில் வெட்டியது பங்குனி, சித்திரையில் பழுக்கும். மரம் ஒருபோதும் மொட்டையாக நிற்காது, மதுரை வெயிலில் தண்டு வெந்தும் போகாது.

வெட்டும் விதம்: காய்த்து முடிந்த ஒவ்வொரு குச்சியையும் அது கிளம்பிய இடத்திலிருந்து அரையடி விட்டு வெட்டுங்கள். கொய்யாவுக்கு இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். ஒரு ஜோடிக்கு அரை விரற்கடை மேலே கவாத்துக் கத்தரியால் ஒரே வெட்டு. அரிவாளால் கொத்தினால் நுனி பிசிறாகப் பிளந்து, அதன் வழியாகக் குச்சி பின்னோக்கிக் காயும். உள்நோக்கி வளர்வது, ஒன்றோடொன்று உரசுவது, எட்டடிக்கு மேலே போவது எல்லாவற்றையும் இதே சமயம் எடுத்துவிடுங்கள். வெட்டி முடித்த பிறகு மரத்தடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் வானம் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும்.

இரண்டு வாரத்தில் வெட்டின அடிக்கணுவிலிருந்து துளிர் வரும். விரலால் உருட்டிப் பாருங்கள், உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். இந்தச் சதுரத் தண்டுதான் பூக்கும் தண்டு. அதன் இலைக்கக்கங்களில் மிளகு அளவுக்குப் பச்சை மொட்டு தெரிய ஆரம்பித்தால் கவாத்து பலித்தது என்று அர்த்தம்.

வெட்ட முடியாத நெட்டைக் கிளை இருந்தால் வளைத்துக் கட்டலாம். நுனியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி இலையை மட்டும் விட்டு, மீதி இலைகளையும் சிறு குச்சிகளையும் உருவிவிட்டுக் கிளையைத் தேங்காய்க் கயிற்றால் கீழே இழுத்துத் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். படுக்கையாக இருக்கும் கிளையில் கணுவுக்குக் கணு துளிர் எழும்பும். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க அடியில் சாக்குத் துண்டு வையுங்கள்.

பங்குனி: உரம்

வயது வந்த மரத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ. தழை, மணி, சாம்பல் சத்து தலா 1 கிலோ. பங்குனியிலும் ஐப்பசியிலும் இரண்டாகப் பிரித்து. இது இருபதடி இடைவெளியில் விரிந்து நிற்கும் தோட்டத்து மரத்துக்கான கணக்கு. எட்டடியில் அடக்கி வைத்த வீட்டு மரத்துக்குப் பாதி போதும். ஐந்து வயதான மரத்துக்கு ஒவ்வொரு முறையும் மக்கிய எரு பன்னிரண்டரைக் கிலோ, யூரியா 500 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒன்றரைக் கிலோ, பொட்டாஷ் 400 கிராம். சின்ன மரத்துக்கு வயதுக்கு ஏற்றபடி ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் எருவை இரட்டிப்பாக்கி, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ சேர்க்கலாம். காய் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், சுவை குறையாது.

உரத்தைத் தண்டடியில் கொட்டுவதுதான் எங்கும் காணும் தவறு. சத்தை எடுக்கும் நுனிவேர் அங்கே இல்லை. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் அரையடி ஆழத்துக்கு வட்டவாய்க்கால் எடுத்து, உரம் தூவி, மண் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள்.

புதுத் துளிரின் இலை விரிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு யூரியா 10 கிராம், துத்தநாக சல்பேட் 5 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். இலை செம்பு நிறமாக மாறுவதற்குத் துத்தநாகக் குறையும் ஒரு காரணம். காய் சிறுத்து வெடித்தால் போரான் குறை. வெண்காரம் (போராக்ஸ்) லிட்டருக்கு 3 கிராம், பூக்கும் முன் ஒரு முறையும் பிஞ்சில் ஒரு முறையும். போரானைப் பொறுத்தவரை அளவுக்கு மீறினால் அதுவே விஷம், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

சித்திரை, வைகாசி: தண்ணீர்தான் எல்லாம்

அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் மாசிக் கவாத்துப் பக்கம் பூவும் பிஞ்சுமாக இருக்கும். பின்னாலேயே கத்திரி வெயில். இந்த ஐந்தாறு வாரத்தில் ஒரு தடவை மண் பாளமாகக் காய்ந்து, அடுத்த நாள் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டால் பிஞ்சு மொத்தமாகக் கொட்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை 40 முதல் 50 லிட்டர், சீராக. கரிசல் என்றால் ஐந்து நாளுக்கு ஒரு முறை. மண்ணை மூன்று விரற்கடை ஆழத்தில் தோண்டிப் பிடித்துப் பாருங்கள், உருண்டை பிடித்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம்.

தேங்காய் உரிமட்டைகளை நார்ப்பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து மரத்தடியில் அடுக்கி, மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். தண்டிலிருந்து அரையடி இடம் விட வேண்டும், ஒட்டி வைத்தால் கரையான் ஏறும். வெட்டின பக்கத்துத் தண்டில் மேற்கு வெயில் நேராக விழுந்தால் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இலை நுனி கருகுவது சகஜம். காய்கறி, அரிசி கழுவின தண்ணீரை அதோடு கலந்து விடலாம். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மரத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், அது உப்பு இன்னும் அடர்ந்த தண்ணீர்.

ஆனி, ஆடி: காய் குறைத்தல், பை கட்டுதல்

காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் ஒரு துளிருக்கு ஒன்று அல்லது இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். மூன்று சின்னப் பழத்தைவிட ஒரு நல்ல பழம் சுவையிலும் மேல். ஆடிக்காற்றுக்குக் கவட்டைக் குச்சி ஊன்றி, பாரமான கிளைகளைத் தாங்கிவிடுங்கள்.

இந்த அளவிலேயே தேயிலைக் கொசு வரும். பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் ஒரு நாவாய்ப் பூச்சி. அது குத்தின இடம் முதலில் கரும்புள்ளியாகி, காய் பெருக்கப் பெருக்கச் சொறி சொறியாகத் தடித்து வெடிக்கும். பழம் உள்ளே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்கக் கண்றாவி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மி.லி., அதோடு கரைத்த காதி சோப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் தெளியுங்கள். பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் பை. பழக்கடையில் பழத்துக்கு மாட்டியிருக்கும் பஞ்சு வலையைப் போட்டு, அதன் மேல் அடியில் நாலு ஓட்டை போட்ட பாலித்தீன் பையை மாட்டிக் காம்பில் கட்டுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். செய்தித்தாள் பையும் போதும், மழை வந்தால் மாற்ற வேண்டியிருக்கும். பழ ஈ, அணில், கிளி மூன்றுக்கும் இந்த ஒரு வேலை பதில்.

பழ ஈ

காயில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் முட்டை வைத்தாகிவிட்டது. உள்ளே வளரும் புழு, பழம் விழுந்ததும் வெளியே வந்து மரத்தடி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். சில நாளில் ஈயாக எழும்பி மறுபடி அதே மரம். ஆகவே விழுந்த பழத்தை அங்கேயே கிடக்கவிட்டால் அடுத்த தலைமுறையை நாமே வளர்க்கிறோம். தினமும் பொறுக்கி, பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மரத்தடி மண்ணைக் களைக்கொத்தால் மேலாகக் கிளறினால் கூட்டுப்புழு வெளியே வந்து எறும்புக்கும் மைனாவுக்கும் இரையாகும்.

வாசனையால் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஒன்றை ஐந்தடி உயரத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். அதில் விழுபவை ஆண் ஈக்கள் மட்டும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ அந்தப் பக்கமே வராது. பொறி நிறைய ஈ கிடக்கிறது என்று நிம்மதியாகிப் பழம் பொறுக்குவதை விட்டுவிடாதீர்கள். மாம்பழக் காலம் முடிந்ததும் பெருகின ஈயெல்லாம் கொய்யாவுக்குத் திரும்பும். அதனால் ஆவணிப் பழத்துக்குத்தான் பை கட்டாயம்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

பெருமழைக்கு முன் மேற்குப் பாதியைக் கவாத்து செய்துவிடுங்கள். மாசிக்குச் சொன்ன அதே முறை. வருடத்துக்கு ஒரு பக்கம்தான் முடியும் என்றால் இந்தக் கவாத்தைத் தவறவிடாதீர்கள். இதில் வரும் பழம் பனியில் வளர்ந்து, காய்ந்த பருவத்தில் பழுப்பதால் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஐப்பசி தொடக்கத்தில் இரண்டாம் தவணை உரம், அதே துத்தநாகத் தெளிப்பு.

அடைமழையில் ஒரே வேலை தண்ணீரை வடிப்பது. பாத்தி வரப்பை ஒரு பக்கம் வெட்டிவிடுங்கள். இலையில் துரு நிறத்தில் வெல்வெட் மாதிரி புள்ளி வந்தால் அது பாசி நோய். காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை.

மார்கழி, தை: மாவுப்பூச்சி

மழை விட்டதும் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் ஏறும். இலையில் கரி பூசினது போலப் படிந்தால் அது இவை வடிக்கும் தேன்நீரின் மேல் வளரும் பூசணம். மருந்துக்கு முன் எறும்பைப் பாருங்கள். அந்தத் தேன்நீருக்காக எறும்புதான் மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது. தண்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பாலித்தீன் தாளைக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, மிஞ்சினதற்கு மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம்.

அடிக்கும் முன் ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சற்றுப் பெரிதாக, முதுகில் நீண்ட வெள்ளைக் குஞ்சம் தொங்க, வேகமாக ஊர்ந்து போகும் ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சி அல்ல, அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. நாலைந்து தென்பட்டால் சோப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள்.

பறிப்பது

கரும்பச்சை வெளுத்து இளமஞ்சள் தட்டும்போது, மதுரையில் மிளகாய்ப்பொடி உப்போடு தின்கிற அந்தச் செங்காய்ப் பதத்தில், காலையில் கத்தரியால் சிறு காம்போடு வெட்டுங்கள். இழுத்துப் பறித்தால் அடுத்த துளிருக்கான கணுவும் கூடவே கிழிந்து வரும்.

வாடும் மரமும் கிழ மரமும்

ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளாகி, தண்ணீர் விட்டும் வாடினால் விளிம்பில் தோண்டி வேரைப் பாருங்கள். முண்டு இருந்தால் வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ, ஐந்து கிலோ எருவில் 50 கிராம் பர்பூரியோசிலியம் (நூற்புழுவைத் தாக்கும் நன்மை செய்யும் பூசணம்) கலந்து வேர்ப்பகுதியில் இட்டு, மரத்தைச் சுற்றி நெருக்கமாகச் செண்டுப்பூ நடுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை அந்தப் பக்கமே வேண்டாம், மூன்றும் இந்தப் புழுவுக்கு விருந்து. முக்கால்வாசி காய்ந்த மரத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வேரோடு தோண்டி எரித்துவிட்டு, அந்தக் குழியில் மறுபடி கொய்யா வைக்காதீர்கள்.

நோயில்லாமல் வெறுமனே வயதாகி உயர்ந்துபோன மரத்துக்கு மறுபிறவி உண்டு. மாசியில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நீர் வழியும்படி சாய்வாக ரம்பத்தால் அறுங்கள். கீழே முதலில் பாதி அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. வெட்டுவாயில் காப்பர் ஆக்சி குளோரைடைக் குழைத்துப் பூசி, தண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மாதத்துக்குள் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். சுற்றிலும் பரவலாக ஐந்தாறை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளி, அவை ஒன்றரை அடி வந்ததும் நுனியை வெட்டுங்கள். அந்த வெட்டில் கிளைக்கும் துளிர்களில்தான் மறுபடி பூ தெரியும்.